அளவு மூச்சு

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு, முதல் நோயாளி வருவதற்கு முன், நான் மிஷினில் மூச்சு விடுவேன். எனக்கு வியாதி இருந்ததால் அல்ல, இல்லாததால்.

ஆஸ்பத்திரியின் நுரையீரல் பரிசோதனைக் கூடத்தில் நான் டெக்னீஷியன். பதினோரு வருஷமாக அதே அறை, ஒரு பக்கம் சாய்ந்த அதே சுழல் நாற்காலி. சுவரில் எப்போதோ ஒரு மருந்துக் கம்பெனிக்காரர் ஒட்டிவிட்டுப் போன நுரையீரல் படம். படம் அப்படியே இருக்கிறது, மருந்தின் பெயர் மட்டும் வெளுத்துப்போய்விட்டது.

மிஷின் சரியாக அளக்கிறதா என்று வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும். அதற்கு இரண்டு வழி. ஒன்று, கம்பெனி கொடுத்த சோதனைக் குழாய். அதை மாட்டினால் என்ன எண் வர வேண்டும் என்று அதன் மேலேயே எழுதியிருக்கும். இன்னொன்று, நோய் நொடி இல்லாத, சிகரெட்டைத் தொடாத ஓர் ஆள். அந்த ஆளுக்கு வாராவாரம் ஒரே எண் வந்தால் மிஷின் சரி. பெரிய டாக்டர் அதற்கு 'அளவு மூச்சு' என்று பெயர் வைத்திருந்தார். அந்த மூச்சு என்னுடையது. வேலைக்குச் சேர்ந்த வருஷமே கிடைத்த பதவி. இதற்கு யாரும் போட்டிக்கு வரவில்லை.

எங்களிடம் இரண்டு சோதனை உண்டு. முதலாவது எல்லாருக்கும் தெரிந்தது. மூச்சை முழுக்க இழுத்து, நான் "ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க, ஊதுங்க" என்று தொண்டை கிழியக் கத்த, நோயாளி முகம் சிவக்க ஊதுவது. அது பெரிய குழாய்களின் சங்கதியைச் சொல்லும். சிகரெட் முதலில் கை வைப்பது அங்கே இல்லை. உள்ளே நுனியில், இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவான சின்னக் குழாய்களில்தான் அது வேலையை ஆரம்பிக்கும். அவை ஒவ்வொன்றாக அடைபட்டுக்கொண்டே போனாலும் ஊதும் சோதனை 'நார்மல்' என்றே சொல்லிக்கொண்டிருக்கும். ஆள் மாடி ஏறுவார், ஜோக் அடிப்பார், காலையில் பல் தேய்க்கும்போது மட்டும் கொஞ்சம் இருமுவார். ஊதும் சோதனையில் தெரிய ஆரம்பிக்கும்போது பாதிக் கதை முடிந்திருக்கும்.

அதற்காக வந்ததுதான் இரண்டாவது மிஷின். இதில் ஊத வேண்டாம். மூக்கில் கிளிப், வாயில் குழாய், கன்னம் இரண்டையும் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு சும்மா மூச்சு விட்டால் போதும். மிஷின் தடதடவென்று சின்ன அதிர்வுகளை உள்ளே அனுப்பி, எங்கே தடை என்று பார்த்து ஒரு எண் தரும். தசமப் புள்ளியை எல்லாம் நாங்கள் பேச்சில் சேர்ப்பதில்லை. ஏழு வரை சரி. ஏழைத் தாண்டினால் டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார்.

என் எண் நான்கு. வருஷக்கணக்காக நான்கு. எப்போதாவது ஐந்து வரும், மறு வாரம் நான்குக்கே திரும்பிவிடும்.

போன வருஷம் சோதனைக் குழாய் கீழே விழுந்து விரிசல் விட்டது. கம்பெனிக்கு எழுதினோம். "வரும்" என்றார்கள். அவர்கள் எப்போது என்று சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அதனால் மிஷினுக்கு நான் ஒருத்திதான் அளவு. எனக்கு முதலில் ஐந்து வந்தது, அது இறங்கவில்லை. அப்புறம் ஆறு. மாதங்கள் போகப் போக ஏழு, எட்டு. ஒரு திங்கட்கிழமை ஒன்பது.

"டாக்டர், மிஷின் தப்பா காட்டுது" என்றேன்.

டாக்டர் ரிஜிஸ்டரைப் புரட்டிப் பார்த்தார். "ஆமா, ஏறிக்கிட்டே போகுதே. இன்ஜினியரைக் கூப்பிடுங்க."

இன்ஜினியரை ஆஸ்பத்திரி முழுக்க 'ஊசி' என்றுதான் சொல்வோம். ஆள் அவ்வளவு ஒல்லி. போனிலேயே வைத்தியம் பார்ப்பதில் கெட்டிக்காரன். "சென்சார் கொஞ்சம் நகர்ந்திருக்கும்க்கா. குழாய் வந்ததும் நானே நேர்ல வரேன். அதுவரைக்கும் செட்டிங்ஸ்ல ஒரு திருத்தம் போட்டுக்குங்க. அஞ்சு கழிச்சிடுங்க" என்றான். டாக்டர் தலையாட்டினார். என் கையாலேயே போட்டேன். அடுத்த முறை மூச்சு விட்டேன், நான்கு வந்தது. மூன்று பேருக்கும் நிம்மதி.

வேறு ஓர் ஆளை உட்கார வைத்துப் பார்த்திருக்கலாமே என்று இன்று கேட்பது சுலபம். பழைய எண் ரிஜிஸ்டரில் இருக்கிற ஆளைத்தான் அளவாக வைக்க முடியும். அப்படி இருந்த இன்னொருத்தர் வார்டு நர்ஸ். அவர் பிரசவ லீவில் போய், அப்படியே வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

இனி என் வீட்டுக்காரர்.

அவர் லிப்ட் மெக்கானிக். நாளெல்லாம் லிப்ட் ஓடும் குழிக்குள் நின்று கயிறும் சக்கரமும் பார்ப்பவர். ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் சிகரெட். அதில் பாதிக்கு மேல் வீட்டு ஹாலில், டிவிக்கு எதிரே. எங்கள் வீடு மூன்றாவது மாடி, இரண்டே அறை. ரோட்டைத் தோண்டிப் போட்டு ஒன்றரை வருஷம் ஆகிறது. தூசிக்குப் பயந்து ஜன்னலைத் திறப்பதே இல்லை. அதே ஹாலில்தான் மடக்கு மேஜையைப் போட்டுக்கொண்டு எங்கள் பெண் பதினொன்றாம் வகுப்புப் பாடம் படிக்கிறாள்.

கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம். கெஞ்சினேன், கத்தினேன், பாக்கெட்டை ஒளித்து வைத்தேன், நாள்கணக்கில் பேசாமல் இருந்து பார்த்தேன். அவர் காதில் வாங்காதவர் என்று சொல்ல மாட்டேன். வாங்குவார், வாங்கி ஆஷ்ட்ரேயில் தட்டிவிடுவார். "ஆஸ்பத்திரிக்காரியைக் கட்டிக்கிட்டா சும்மா உக்காந்திருக்கிறவனும் நோயாளிதான்" என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

திருத்தம் போட்ட சில நாளில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவராகவே ஆரம்பித்தார்.

"நீ சொல்றதை விடு. உன் மிஷின் என்ன சொல்லுதுன்னு பாத்துடலாம். மிஷின் பொய் சொல்லாது. கெட்டுப்போச்சுன்னு அது சொன்னா அன்னிக்கே விட்டுடறேன். நல்லா இருக்குன்னு சொன்னா, அதுக்கப்புறம் இந்த விஷயத்துல நீ வாயே திறக்கக் கூடாது. சம்மதமா?"

"சம்மதம்" என்றேன்.

"நான் சாட்சி" என்றாள் பெண், புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே.

அன்று எனக்கு உள்ளுக்குள் ஒரே குதிப்பு. ஒரு பாக்கெட் கணக்கில் இருபத்தைந்து வருஷம் பிடித்தவர்களின் எண் என்னவென்று எனக்குத் தெரியாதா? பத்துக்குக் குறைந்து நான் பார்த்ததில்லை. விட்டாச்சு, இனி விட்டாச்சு என்று பாத்திரம் துலக்கும்போதெல்லாம் எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

புதன்கிழமை வந்தார். ஊதும் சோதனை நார்மல், அது நான் எதிர்பார்த்ததுதான். இரண்டாவது மிஷினில் உட்கார வைத்தேன். நோயாளியின் கன்னத்தைச் சில சமயம் நாங்களே பிடித்துக்கொள்வதுண்டு. பிடித்துக்கொண்டேன். அவர் முகத்தை இரண்டு கையாலும் அவ்வளவு நேரம் பிடித்து வருஷங்கள் ஆகியிருந்தன. மிஷின் தடதடத்தது.

ஆறு.

திரும்ப ஒரு முறை. ஆறு. மூன்றாம் முறையும் ஆறு.

"பாஸா?" என்றார்.

"பாஸ்."

ஐந்து கழித்திருக்கிறோம் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. மிஷின் ஐந்து கூடுதலாகக் காட்டுகிறது, அதைக் கழித்திருக்கிறோம், ஆகவே ஆறு என்றால் ஆறு. அப்படித்தான் நம்பினேன். அதில் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. அவர் ஆஸ்பத்திரி கேட்டைத் தாண்டியதும் ஒன்று பற்ற வைத்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அன்று சாயங்காலம் நான் ஹாலுக்குள் நுழைந்தபோது, ஒரு வார்த்தை பேசாமல், உதட்டின் மேல் விரலை வைத்துக் காட்டிச் சிரித்தார்.

நான் வாயைத் திறக்கவில்லை. முதல் சில நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். பிறகு அதற்கும் அவசியம் இல்லாமல் போயிற்று. மரத்துப்போவது வலிக்கும் என்று நினைத்திருந்தேன், வலிக்கவே இல்லை. ஆஷ்ட்ரேயைக் கழுவிக் கவிழ்த்து வைப்பேன். துணி மடிப்பேன். பெண் இருமினால் வெந்நீர் கொடுப்பேன். நான்கு மாதம் அப்படிப் போயிற்று.

ஒரு வியாழக்கிழமை, சோதனைக் குழாய் வந்து சேர்ந்தது. கூடவே ஊசியும் வந்தான்.

அவன் திருத்தத்தை எடுத்துவிட்டு, குழாயை மாட்டி, பொத்தானை அழுத்தினான். குழாயின் மேல் என்ன எழுதியிருந்ததோ அதுவே திரையில் வந்தது, புள்ளி பிசகாமல். கழற்றி மாட்டினான். அதே எண். கேபிளை மாற்றிப் பார்த்தான். அதே எண்.

"அக்கா, மிஷின்ல ஒண்ணுமே இல்ல."

"அப்ப போன தடவ சென்சார்னு சொன்ன?"

"சென்சாரும் நல்லாத்தான் இருக்கு." அவன் தலையைச் சொறிந்தான். முதலில் அவனே உட்கார்ந்து மூச்சு விட்டான். மூன்று. "நீங்க ஒரு தடவ உக்காருங்கக்கா" என்றான்.

உட்கார்ந்தேன். ஒன்பது.

ஊசி திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு பையில் ஸ்க்ரூடிரைவர்களை அடுக்க ஆரம்பித்தான். அடுக்கியதையே மறுபடியும் அடுக்கினான்.

டாக்டர் வந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அதை மேஜைக்கு இந்தப் பக்கம் நின்று நான் நூறு முறை பார்த்திருக்கிறேன், நோயாளி நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பது அதுதான் முதல் தடவை. அவர் என்னைக் கேட்ட முதல் கேள்வி, "வீட்டுல யாரு பிடிக்கிறாங்க?"

"வீட்டுக்காரர்."

"எங்க வச்சு?"

"ஹால்ல."

"ஜன்னல்?"

"ரோட்டு வேலை நடக்குது டாக்டர். திறக்கறதில்ல."

"அதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாது. அந்தத் தூசியாவும் இருக்கலாம். ஆரம்பம்தான். புகை நின்னா கொஞ்சம் இறங்கலாம், இறங்காமலும் போகலாம். பாப்போம்" என்றார். நான் நோயாளிகளுக்குச் சொல்லும் அதே வாக்கியங்கள், அதே வரிசையில். எனக்கு அழுகை வரவில்லை, பயமும் வரவில்லை. பதினோரு வருஷம் நோயில்லாத ஆளாக இருந்து பார்த்த வேலை போய்விட்டதே என்று மட்டும் தோன்றியது.

அடுத்ததாகத் தோன்றியது பட்டியல். திருத்தம் போட்ட நாளிலிருந்து அந்த மிஷினில் உட்கார்ந்தவர்கள் எல்லாருக்கும் ஐந்து குறைத்துச் சொல்லியிருக்கிறோம். பெயர் வரிசையில் எடுத்தேன். அறுபத்து மூன்று பேர். பெரும்பாலும் சிகரெட் பிடிப்பவர்கள், 'உங்களுக்கு ஒன்றுமில்லை' என்று என் வாயால் கேட்டுவிட்டுப் போனவர்கள். ஒவ்வொருவரையும் திரும்பக் கூப்பிட வேண்டும். போனில் என்ன சொல்ல வேண்டும் என்று டாக்டர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்.

அன்று வீட்டில் நான் எதுவும் சொல்லவில்லை. அவர் டிவிக்கு எதிரே இருந்தார். சமையலறை வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். சொன்னால் என்ன வரும் என்று எனக்கு மனப்பாடம். பேச்சு மாறுகிறாய் என்பார். வாய் திறக்கக் கூடாது என்பதுதானே பேச்சு. தட்டை எடுத்து வைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை போனை எடுத்தேன். முதல் ஆள் கத்தினார். இரண்டாமவர் மனைவியிடம் கொடுத்துவிட்டார். ஒரு லாரி டிரைவர், "நீங்க நார்மல்னு சொன்ன சந்தோஷத்துல அன்னிக்கே விட்டுட்டேன் மேடம், இப்ப வந்து இப்படிச் சொல்றீங்களே" என்றார். அவருக்கு என்ன பதில் சொல்வது என்று தாளில் இல்லை. "விட்டது விட்டதாவே இருக்கட்டும்" என்றேன். இன்னொருவர், கணக்கு வாத்தியார், "அப்ப இந்த மூணு மாசமா நிம்மதியாப் பிடிச்சேனே, அது எந்தக் கணக்குல?" என்று கேட்டார். எல்லாருக்கும் ஒரே குரலில் சொன்னேன். சொல்லி முடித்ததும் ஒரு டிக் போடுவேன், அடுத்த எண்ணை அழுத்துவேன்.

முப்பத்தெட்டாவது வரியில் என் வீட்டுக்காரர் இருந்தார். அவரை விட்டுவிட்டு முப்பத்தொன்பதுக்குப் போகலாமா என்று யோசித்தேன். விரல் அதற்குள் அழுத்திவிட்டது.

"வணக்கம். நுரையீரல் பரிசோதனைக் கூடத்திலேர்ந்து பேசறேன்."

"என்ன விளையாட்டு இது?" பின்னால் இரும்பு மோதும் சத்தம். யாரோ எந்த மாடி என்று கத்திக் கேட்டார்கள்.

நான் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீங்க எங்ககிட்ட செஞ்சுக்கிட்ட பரிசோதனையில தவறு நடந்திருக்கு. உங்களுக்குச் சொன்ன முடிவு சரியில்ல. நீங்க மறுபடியும் வந்து—"

"எனக்கு ஆறு. பாஸ்னு சொன்னவளே நீதான்."

"மிஷின்ல ஒரு திருத்தம் போட்டிருந்தோம். அந்தத் திருத்தம் தப்பு."

"நாலு மாசம் உக்காந்து யோசிச்சு இதைத்தான் கண்டுபிடிச்சியா? மிஷின் ஒரு தடவ சொன்னா சொன்னதுதான்."

காரணம் கேட்பவர்களுக்கு என்று டாக்டர் கீழே தனியாக எழுதியிருந்தார். அதைப் படித்தேன். "மிஷினைச் சரிபார்க்க அளவா ஒருத்தரை வச்சிருந்தோம். அவங்களோட நுரையீரல்லயே பாதிப்பு வந்திருந்தது. அது தெரியாம, மிஷின்லதான் குறைன்னு நெனச்சு, எல்லாருக்கும் எண்ணைக் குறைச்சிட்டோம்."

அவர் மெக்கானிக். அவருக்கு இரண்டாம் தடவை சொல்ல வேண்டியதில்லை.

"மட்டக்கோலே கோணல்ங்கற."

"ஆமா."

"சிகரெட் பிடிக்கிறவனைப் போய் எந்த முட்டாள் அளவா வச்சான்?"

"அவங்க பிடிக்கிறவங்க இல்ல."

இரும்புச் சத்தம் நின்றுவிட்டது. அவர் குழிக்குள்ளிருந்து வெளியே வந்திருக்க வேண்டும்.

"திங்கக்கிழமை திங்கக்கிழமை நீ சீக்கிரம் கிளம்புவியே" என்றார். கேள்வி மாதிரியும் இல்லை, பதில் மாதிரியும் இல்லை.

தாளில் அடுத்த வரி. "செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வர முடியுமா?"

போனில் அவர் மூச்சு கேட்டது. "வரேன்" என்றார். பிறகு, முன்பின் தெரியாத யாரிடமோ சொல்வதுபோல், "வரேங்க" என்றார்.

டிக் போட்டுவிட்டு முப்பத்தொன்பதாவது எண்ணை அழுத்தினேன்.

அடுத்த நான்கு நாளும் வீட்டில் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. சிகரெட்டை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போனார். கதவை வெளியிலிருந்து அழுத்திச் சாத்திவிட்டுப் போனார். பத்தொன்பது வருஷமாக நான் கேட்டதில் கால்வாசியாவது நடக்கிறது, சந்தோஷப்பட வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் எழவில்லை.

செவ்வாய்க்கிழமை ஒன்பதரைக்கே வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முகத்தை மழித்திருந்தார். மற்றவர்களோடு வரிசையில் காத்திருந்து, கூப்பிட்டதும் உள்ளே வந்தார். இந்தத் தடவை கன்னத்தை அவரே பிடித்துக்கொண்டார். மிஷின் தடதடத்து நின்றது.

"எவ்வளவு?"

"பதினொண்ணு."

தலையாட்டினார். "உன்னோடது?"

"ஒன்பது."

"எங்க, காட்டு."

என் தாளை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு தாளையும் மடிமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டார். படித்தார், பின்பக்கம் திருப்பினார், மறுபடியும் முன்பக்கம்.

"இருபத்தஞ்சு வருஷம் பிடிச்சவன் பதினொண்ணு" என்றார். "ஒரு தடவகூடப் பிடிக்காதவ ஒன்பது. ரெண்டுதானா வித்தியாசம்?"

நான் மிஷினின் வாய்க்குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கழற்றியதை எறிந்துவிட்டுப் புதியதை மாட்டினேன். வெளியே இன்னும் ஐந்து பேர் இருந்தார்கள்.

அவர் சட்டைப்பையிலிருந்து பாக்கெட்டை எடுத்து மேஜையில் வைத்தார். "சொன்ன பேச்சு" என்றார். "இன்னியோட சரி."

இந்த வார்த்தைக்காகத்தான் பத்தொன்பது வருஷம். இதைக் கேட்டால் அழுதுவிடுவேன் என்று ஒரு காலத்தில் நினைத்ததுண்டு. இப்போது பாக்கெட்டைப் பார்த்ததும், இதை மருத்துவக் கழிவுக் கூடையில் போடுவதா சாதாரணக் கூடையில் போடுவதா என்றுதான் யோசனை போயிற்று.

அவர் எழுந்து கதவு வரைக்கும் போனார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, திரும்பாமலே கேட்டார்.

"பாப்பாவை எப்ப கூட்டிட்டு வரட்டும்?"

அறுபத்து மூன்று பேரைத் தேடித் தேடிக் கூப்பிட்டவள் நான். என் எண்ணையும் அவர் எண்ணையும் ஐந்து நாளாக மனதுக்குள் உருட்டிக்கொண்டிருந்தவள். எங்கள் பெண்ணின் நினைப்பு எனக்கு வரவே இல்லை. அவருக்கு வந்திருக்கிறது. எவ்வளவு நாளாக அதை வைத்துக்கொண்டு அந்த மாடிப்படியில் நின்றாரோ. சற்றுமுன் மாட்டிய புது வாய்க்குழாயைக் கழற்றி, மறுபடியும் அதையே மாட்டினேன்.

"நாளைக்கே" என்றேன். "ஸ்கூலுக்கு லீவ் சொல்லிடுங்க."

அவர் போனதும் கம்ப்யூட்டரில் புதுப் பதிவைத் திறந்து அவள் பெயரை அடித்தேன். வயது, பதினாறு. புகைப்பழக்கம், இல்லை. வீட்டில் புகைப்பவர் உண்டா, உண்டு. எத்தனை வருடமாக என்று அடுத்த கட்டம் கேட்டது. அங்கேயும் பதினாறு என்று அடித்தேன்.